இடிபாடுகளின் நடுவே ஒரு தூதுவர்
புனித 23ம் அருளப்பர் பாப்பரசராகுமுன் நடந்த பாதை



எங்கள் பழைய வீடுகள் பலவற்றின் முன்விறாந்தையில், திருஇருதய ஆண்டவரின் படத்துக்கு அருகே, பருத்த உடலும் புன்சிரிப்புமாக ஒரு வயோதிபப் பாப்பரசரின் படம் தொங்கியதை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவரே 23ம் அருளப்பர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைக் கூட்டியவர் என்று அவரை அறிவோம். நல்லவர், எளியவர், எல்லோருடனும் சிரித்துப் பேசியவர் என்றும் அறிவோம். அதற்கப்பால் அவரைப்பற்றி எம்மில் பலருக்கு அதிகம் தெரியாது.

அவர் பாப்பரசராக இருந்த காலம் ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. ஆனால் அதற்கு முன் 1925 தொடக்கம் 1953 வரை ஏறக்குறைய 28 ஆண்டுகள் அவர் திருச்சபையின் தூதுவராக அந்நிய நாடுகளில் வாழ்ந்தார். அவர் அனுப்பப்பட்ட நாடுகள் ஒவ்வொன்றும் யுத்தத்தாலோ, கலகத்தாலோ, பஞ்சத்தாலோ அடிபட்ட நாடுகள். அந்தச் சிரிப்பை அவர் மாளிகைகளில் கற்றுக்கொள்ளவில்லை. இடிந்த ஊர்களின் நடுவே நடந்து நடந்தே கற்றுக்கொண்டார். அந்தக் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உழவன் வீட்டுப் பிள்ளை

1881ம் ஆண்டு கார்த்திகை 25ம் திகதி, வட இத்தாலியிலே பேர்கமோ நகருக்கு அண்மையில், சொத்தோ இல் மொந்தே என்ற சிறு கிராமத்தில் ஆஞ்சலோ ஜுசெப்பே ரொங்காலி பிறந்தார். பிறந்த அன்றே ஞானஸ்நானம் பெற்றார். தகப்பனார் சொந்த நிலம் இல்லாதவர். வாரத்துக்குக் கமம் செய்து, விளைந்ததில் பாதியை நிலச் சொந்தக்காரருக்கு அளந்து கொடுப்பவர். சிறிய தகப்பன், பெரிய தகப்பன் பிள்ளைகள் என்று முப்பது பேரளவில் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். வறுமை இருந்தது. ஆனால் வாசலில் வந்து நின்ற பிச்சைக்காரனுக்கு மேசையில் இடம் இல்லையென்று அந்த வீட்டில் சொல்லப்பட்டதில்லை. இதைப் பின்னாளில் பாப்பரசரே நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

பேர்கமோவிலும் உரோமையிலும் குருமடக் கல்வி பெற்று, 1904ம் ஆண்டு ஆவணி 10ம் திகதி குருவானார். அடுத்த ஆண்டு பேர்கமோ மேற்றிராணியார் ராதினி தெதேஸ்கி ஆண்டகையின் காரியதரிசியாக நியமிக்கப்பட்டார். அந்த ஆண்டகை, 1909ம் ஆண்டு றனிக்கா என்னுமிடத்தில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பக்கம் நின்று பணவுதவி செய்தவர். மேய்ப்பன் என்றால் மந்தை இருக்குமிடத்துக்குப் போகவேண்டும் என்ற பாடத்தை இளங்குரு ரொங்காலி ஒன்பது ஆண்டுகள் அவர் அருகிலிருந்து படித்தார்.

1915ல் இத்தாலி முதலாம் உலக யுத்தத்தில் இறங்கியதும் ரொங்காலி அடிகளாரும் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். மீசை வளர்த்துக்கொண்டு, வைத்தியப் பிரிவில் சார்ஜனாகவும் பின்னர் ஆன்ம குருவாகவும் பேர்கமோ ஆஸ்பத்திரிகளில் சேவை செய்தார். கை கால் இழந்தும் காய்ச்சலில் வெந்தும் வந்து சேர்ந்த இளைஞரின் கட்டிலருகே இரவுகளைக் கழித்தார். யுத்தத்தைப்பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியவை யாவும் அந்தக் கட்டில்களின் அருகே கற்றவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கேரியா: எட்டாத கிராமங்களுக்கு

1925ம் ஆண்டு பங்குனி மாதம் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் அவரை மேற்றிராணியாராக உயர்த்தி, தமது பிரதிநிதியாகப் பல்கேரியாவுக்கு அனுப்பினார். கீழ்ப்படிதலும் சமாதானமும் என்பதே அவர் தேர்ந்துகொண்ட விருதுவாக்கு. அது வெறும் அழகுக்கு எழுதப்பட்ட வாக்கல்ல என்பதை அவர் போய் இறங்கிய நாளே காட்டிற்று.

பல்கேரியா அப்போது இரண்டாம் பால்க்கன் யுத்தத்திலும் உலக யுத்தத்திலும் தோற்றுத் துவண்டிருந்தது. மக்கெதோனியாவிலிருந்தும் திராசியாவிலிருந்தும் துரத்தப்பட்ட அகதிகள் ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்தார்கள். 1925 சித்திரை 16ம் திகதி, தலைநகரான சோபியாவில், ஒரு தளபதியின் மரணச் சடங்கு நடந்துகொண்டிருந்த வேளையில், கலகக்காரர் பேராலயத்தின் கூரைக்குக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். 150க்கு மேற்பட்டோர் மாண்டனர். பழிவாங்கலும் கைதுகளும் நாடெங்கும் தொடங்கின. அதற்கு ஒன்பதாம் நாள், சித்திரை 25ம் திகதி, ரொங்காலி ஆண்டகை சோபியாவில் வந்து இறங்கினார். அவர் செய்த முதற் காரியங்களில் ஒன்று, ஆஸ்பத்திரியிலே காயப்பட்டுக் கிடந்தவர்களைப் பார்க்கப் போனது. அவர்களிற் பெரும்பாலோர் ஓர்த்தடொக்ஸ் சபையைச் சேர்ந்தவர்கள். அது கத்தோலிக்கரின் காரியமா என்று அவர் கேட்கவில்லை.

அந்த நாட்டில் கத்தோலிக்கர் ஒரு சிறு தொகையினர். ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் கீழைத்தேய வழிபாட்டு முறையைச் சேர்ந்த அகதிகள் மிகவும் கைவிடப்பட்டிருந்தார்கள். கோவில் இல்லை; குருக்களுக்கு உணவும் இல்லை. வீதி இல்லாத மலைக் கிராமங்களுக்கு ரொங்காலி ஆண்டகை குதிரையிலும் கோவேறு கழுதையிலும் போனார். சனங்களோடு இருந்து, அவர்கள் கொடுத்ததை உண்டு, அவர்கள் குறையைக் கேட்டு எழுதினார். 1926ல் கீரில் கூர்த்தெவ் என்ற அந்த நாட்டுக் குருவையே அம்மக்களுக்கு மேற்றிராணியாராக்க வழிசெய்தார். அந்நியர் வந்து ஆளவேண்டிய சபையாக அது இருத்தலாகாது என்பது அவர் எண்ணம்.

1928ம் ஆண்டு சித்திரை 14ம் திகதியும் 18ம் திகதியும் தென் பல்கேரியாவை இரண்டு பெரிய பூமியதிர்ச்சிகள் தாக்கின. சிர்ப்பான், புளோவ்டிவ் பகுதிகள் தரைமட்டமாயின. ரொங்காலி ஆண்டகை தலைநகரில் இருந்து தந்தி அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. நேரே அங்கு போனார். வீடிழந்தோர் நடுவே தங்கினார். பாப்பரசரிடம் உதவி கேட்டுப் பெற்று, பசித்தவர் எவரும் வந்து உண்ணக்கூடிய சமையற் கொட்டில்களை அமைத்தார். மதம் கேட்டுக் கஞ்சி வார்க்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை.

எல்லாம் வெற்றியாக முடிந்ததென்று நினைத்துவிடாதீர்கள். 1930ல் பல்கேரிய அரசர் மூன்றாம் பொரிஸ், இத்தாலிய இளவரசி ஜொவன்னாவை அசிசியில் கத்தோலிக்க முறைப்படி மணந்தார். அடுத்த சில நாட்களில் சோபியாவில் ஓர்த்தடொக்ஸ் சடங்கும் நடந்தது. 1933ல் பிறந்த குழந்தைக்கும், கொடுத்த வாக்குக்கு மாறாக, ஓர்த்தடொக்ஸ் முறையிலேயே ஞானஸ்நானம் வழங்கப்பட்டது. இடையில் நின்று பேசியவர் ரொங்காலி ஆண்டகை. உரோமையில் அவருடைய இராஜதந்திரத் திறமை ஐயத்துக்குள்ளானது. பத்து ஆண்டுகளாக அவர் அந்த ஒதுக்குப்புறத்திலே விடப்பட்டிருந்தார். தமக்கு வந்த கசப்புகளில் பல வெளியாரால் வந்தவையல்ல என்பதை அவர் தம் ஆன்மீகக் குறிப்பேட்டில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆயினும் எவர்மேலும் பழி சொல்லவில்லை. 1934 இறுதியில் விடைபெற்றபோது, தம் வீட்டு யன்னலில் எந்த இரவிலும் ஒரு விளக்கு எரியும் என்றும், பல்கேரியர் எவராயினும் கத்தோலிக்கரா என்று கேட்கப்படாமல் உள்ளே வரலாம் என்றும் அம்மக்களுக்கு உறுதி கூறிச் சென்றார்.

கிரேக்கத்தின் பசி

அடுத்த பத்து ஆண்டுகள் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் அவர் அப்போஸ்தலிக்கப் பிரதிநிதி. 1935 தையில் இஸ்தான்புல் வந்து சேர்ந்தார். அந்த ஆண்டே துருக்கிய அரசாங்கம் குருக்கள் அங்கியோடு வெளியில் நடமாடுவதைத் தடைசெய்தது. ரொங்காலி ஆண்டகை முணுமுணுக்காமல் சாதாரண உடுப்போடு நடமாடினார். கோவிலில் சில செபங்களைத் துருக்கி மொழியிலே சொல்லவும் ஏற்பாடு செய்தார். தம் மக்கள் பேசும் மொழியில் இறைவனைப் புகழ்வது அவருக்கு அப்போதே பெரிய விஷயமாயிருந்தது.

பிறகு யுத்தம் வந்தது. 1940 ஐப்பசியில் இத்தாலி கிரேக்கத்தின்மேல் படையெடுத்தது. 1941 சித்திரையில் ஜேர்மனியரும் புகுந்தனர். இப்போது அவருடைய நிலையைச் சற்று யோசித்துப் பாருங்கள். கிரேக்கத்தை மிதித்த நாடுகளில் ஒன்று அவர் பிறந்த நாடு. கிரேக்கர் பெரும்பாலும் ஓர்த்தடொக்ஸ் மக்கள். உரோமையின்மேல் நூற்றாண்டுகளாகச் சந்தேகம் கொண்டவர்கள். இத்தாலியரும் உரோமையின் தூதுவருமான ஒருவர் அந்த நேரத்தில் அதென்ஸ் நகர வீதியில் நடப்பதற்கே தைரியம் வேண்டும்.

1941-42 மாரிகாலத்தில் அங்கே கொடும் பஞ்சம் மூண்டது. இருந்த தானியத்தை ஆக்கிரமித்த படைகள் எடுத்துக்கொண்டன. வெளியிலிருந்து வரக்கூடிய தானியத்தைப் பிரித்தானியக் கடற்படையின் முற்றுகை தடுத்தது. அதென்ஸ் வீதிகளில் மக்கள் விழுந்து இறந்தார்கள். காலையில் வண்டிகள் வந்து பிணங்களை அள்ளிச் சென்றன. ஆக்கிரமிப்புக் காலத்தில் பசியால் மாண்டவர் தொகை ஏறக்குறைய மூன்று இலட்சம் என மதிப்பிடப்படுகிறது.

ரொங்காலி ஆண்டகை பலமுறை அதென்ஸ் போனார். ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் இத்தாலியரையும் ஜேர்மனியரையும் பார்த்தார். காயப்பட்ட கிரேக்கரையும் சிறைப்பட்ட ஆங்கிலேயரையும் பார்த்தார். கிரேக்க ஓர்த்தடொக்ஸ் சபைத் தலைவர் தமாஸ்கினோஸ் ஆண்டகையோடு சந்திப்பு ஏற்பட்டது. பட்டினி கிடக்கும் மக்களுக்காகக் கோதுமைக் கப்பல்களை அனுமதிக்கும்படி பாப்பரசர் மூலமாக இலண்டனை வேண்டிக்கொள்ள வேண்டும் என்பதே அந்தச் சந்திப்பின் பொருள். ரொங்காலி அந்த வேண்டுகோளை உரோமைக்குக் கொண்டுசென்றார். வேறு பலரும் பல நாடுகளும் இதே முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். 1942ம் ஆண்டின் பிற்பகுதியில் முற்றுகை தளர்ந்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்பில் சுவீடன் நாட்டுக் கப்பல்கள் தானியத்தோடு கிரேக்கத் துறைமுகங்களுக்கு ஒழுங்காக வரத்தொடங்கின. இந்தப் புகழ் முழுவதும் ரொங்காலிக்கு உரியதென்று நான் சொல்லமாட்டேன், அவரும் சொன்னதில்லை. ஆனால் கதவைத் தட்டியவர்களில் அவரும் ஒருவர்.

இஸ்தான்புல் நடுநிலை நாட்டில் இருந்தபடியால், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த யூதர்கள் அவ்வழியாகப் பாலஸ்தீனம் செல்ல முயன்றனர். யூத அமைப்புகளின் பிரதிநிதிகள் ரொங்காலியின் வாசலுக்கு வந்தார்கள். அவர் ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரியிலும் இருந்த திருச்சபை அதிகாரிகளுக்கு எழுதினார். குடிவரவுப் பத்திரங்கள் தூதுவர்களின் தபாற் பைகள் வழியாக அனுப்பப்பட உதவினார். பல்கேரிய அரசர் பொரிசுக்குத் தம் கைப்பட முறையிட்டார். அந்த உதவியை யூத மக்கள் மறக்கவில்லை.

பாரிஸ்: பிளவுண்ட வீடு

1944 மார்கழியில் ஒரு நாள் உரோமையிலிருந்து சங்கேதத் தந்தி வந்தது. ரொங்காலி பிரான்ஸ் நாட்டுக்குப் பாப்பரசரின் தூதுவராக நியமிக்கப்பட்டிருந்தார். தந்தியில் பிழை நேர்ந்துவிட்டதென்றே அவர் முதலில் நினைத்தார். அவருக்கு வயது 63. ஒதுக்குப்புற நாடுகளில் இருபது ஆண்டுகள் கழித்தவருக்குத் திருச்சபையின் மிக உயர்ந்த தூதுவப் பதவிகளில் ஒன்று கிடைக்குமென்று எவர் நினைப்பார்?

காரணம் இதுதான். ஜேர்மனியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்த காலத்தில், விஷி நகரில் மார்ஷல் பெத்தேனின் அரசாங்கம் அவர்களோடு ஒத்துப்போயிற்று. ஆயர்கள் பலர் அந்த அரசாங்கத்தை மதித்து நடந்தனர். துலூஸ் பேராயர் சலியேஜ் போன்ற சிலரோ, 1942ல் யூதர் பிடித்துச் செல்லப்பட்டபோது பகிரங்கமாகக் கண்டித்தனர். நாடு விடுதலையானதும் ஜெனரல் டி கோல், விஷிக்கு நியமிக்கப்பட்டிருந்த பாப்பரசரின் தூதுவரை மாற்றவேண்டும் என்றார். 1944 ஆவணியில் பாரிஸ் நோத்ர் டாம் பேராலயத்தில் விடுதலைக்கு நன்றிப் பாடல் பாடப்பட்டபோது, அந்நகரின் கர்தினால் சுகார்ட் தமது சொந்தப் பேராலயத்துக்குள்ளேயே வரவிடப்படவில்லை. திருச்சபைக்குள்ளும் வெளியிலும் காயம் அவ்வளவு ஆழமாயிருந்தது.

ரொங்காலி மார்கழி 30ம் திகதி பாரிஸ் சேர்ந்தார். 1945 தை முதலாம் திகதி, நாட்டில் இருந்த எல்லாத் தூதுவர்களின் சார்பிலும் டி கோலுக்குப் புதுவருட வாழ்த்துக் கூறினார். அன்று அவர் வராதிருந்தால், சேவை மூப்பின்படி அந்த வாழ்த்தைச் சோவியத் தூதுவரே கூறியிருப்பார். ஆகவேதான் இவ்வளவு அவசரம்.

அவசரம் தீர்ந்தபின் பொறுமை தேவைப்பட்டது. ஜேர்மனியரோடு ஒத்துழைத்தார்கள் என்று இருபதுக்கு மேற்பட்ட ஆயர்களை நீக்கவேண்டுமென அரசாங்கத் தரப்பில் கேட்கப்பட்டது. ரொங்காலி மறுத்து வாதாடவில்லை. உடனே இணங்கவும் இல்லை. ஒவ்வொருவர்மேலும் உள்ள குற்றச்சாட்டையும் அதற்கான சான்றையும் தனித்தனியே கேட்டார். பல சான்றுகள் பத்திரிகைத் துண்டுகளாகவே இருந்தன. மாதங்கள் கழிந்தன, கோபமும் தணிந்தது. 1945 ஆடியில் ஏழு பேர் மாத்திரம் பதவி விலகினார்கள். குற்றவாளிகளை அவர் காப்பாற்றிவிட்டாரென்று குறைகூறியோரும் உண்டு. ஏழு பேரையும் விட்டிருக்கக்கூடாது என்றோரும் உண்டு. பிளவுண்ட வீட்டில் சமாதானம் பேசப் போகிறவருக்கு இரண்டு பக்கத்துக் குறையும் கூலியாகக் கிடைக்கும். குடும்பத் தகராறுகளில் நடுவே நின்ற உங்களுக்கு இது தெரியாததல்ல. அடுத்த ஆண்டு மாசியில், கண்டிக்கத் துணிந்த சலியேஜ் ஆண்டகை கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

அப்போதைய பிரான்ஸ் எப்படி இருந்தது? நோர்மண்டிப் பகுதியிலே சென்-லோ நகரம் ஏறக்குறைய முழுவதும் அழிந்திருந்தது. கான் நகரில் முக்காற் பங்கு இடிந்திருந்தது. லெ ஆவ்ர் துறைமுகத்தில் ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்து நின்றனர். பாண் பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. நிலக்கரி இல்லாமல் வீடுகள் குளிர்ந்து கிடந்தன. புனரமைப்புக்கென்றே தனி அமைச்சு அமைக்கப்பட்டு, இடிபாடுகளை அகற்றும் வேலையும் கண்ணிவெடி கிளறும் வேலையும் நடந்தன.

பாப்பரசரின் தூதுவர் பாரிஸ் மாளிகையில் இருந்து விருந்து கொடுத்தால் போதும் என்பது பழைய வழக்கம். ரொங்காலி விருந்தும் கொடுத்தார்; அவருடைய மேசையில் விசுவாசமில்லாத அரசியல்வாதிகளும் மகிழ்ச்சியோடு அமர்ந்தார்கள். ஆனால் அவர் வீதியிலும் இறங்கினார். எட்டு ஆண்டுகளில் பிரான்ஸ் நாட்டின் மறைமாவட்டங்களிற் பெரும்பாலானவற்றுக்கு நேரிற் சென்றார். ஊர்த் திருவிழா, திருத்தலம், குருமடம், யாத்திரை என்று அழைத்த இடமெல்லாம் போனார். கடல் கடந்து அல்ஜீரியாவுக்கும் போனார். தூதுவர் ஒருவர் இவ்வளவு சுற்றுவது முறையல்ல என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவரோ தம் கண்ணால் பாராத நாட்டைப்பற்றி உரோமைக்கு எப்படி எழுதுவது என்ற எண்ணத்தோடு தொடர்ந்து பயணம் செய்தார்.

முட்கம்பிக்குள் ஒரு குருமடம்

இப்போது அவருடைய பயணங்களில் ஒன்றைமட்டும் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது அதுதான்.

யுத்தம் முடிந்தபோது பிரான்சின் கையில் இலட்சக்கணக்கான ஜேர்மன் யுத்தக் கைதிகள் இருந்தனர். வயல்களிலும் சுரங்கங்களிலும் இடிபாடுகளிலும் அவர்களே வேலை செய்தார்கள். கண்ணிவெடி கிளறப் போன கைதிகளில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சனங்களுக்கு அவர்கள்மேல் இரக்கம் பிறக்கவில்லை. தம் பிள்ளைகளைக் கொன்ற படையின் உடுப்பை அணிந்திருந்தவர்கள் அல்லவா?

அந்தக் கைதிகளுக்குள் குருமட மாணவர்களும் இருந்தார்கள். படைக்கு இழுக்கப்பட்டுப் படிப்பை இடையில் விட்டவர்கள். பிரெஞ்சுச் சிறைக்கைதிகளுக்குப் பொறுப்பான குருவாயிருந்த றொடேன் அடிகளார் இவர்களை ஒன்றுசேர்த்து, சிறைமுகாமுக்குள்ளேயே ஒரு குருமடம் நடத்தலாமென்று யோசித்தார். 1945 சித்திரையில் ஓர்லெயான் நகரில் அது தொடங்கி, ஆவணியில் சார்த்ர் நகரருகே லெ குத்ரே முகாமுக்கு மாற்றப்பட்டது. சுற்றிவர முட்கம்பி, காவற் கோபுரம், குளிர், அரைவயிற்று உணவு. உள்ளே இறையியல் வகுப்பு, செபம், பூசை.

அதற்கு அதிபராயிருந்தவர் பிரான்ஸ் ஸ்டொக் என்ற ஜேர்மன் குரு. ஆக்கிரமிப்புக் காலத்தில் பாரிஸ் சிறைகளில் ஆன்ம குருவாயிருந்தவர். மொன் வலேரியன் குன்றிலே ஜேர்மன் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்ட பிரெஞ்சுக்காரர் நூற்றுக்கணக்கானோரோடு கடைசி நேரத்தில் உடன் சென்றவர். ஆபத்தைப் பாராமல் அவர்களுடைய குடும்பங்களுக்குச் செய்தி கொண்டுபோனவர். யுத்தம் முடிந்ததும் அவரும் கைதியானார். இந்த மாணவருக்காக முட்கம்பிக்குள் இருக்கச் சம்மதித்தார்.

1945 புரட்டாதியில் பாப்பரசரின் தூதுவர் அந்த முகாமின் வாசலில் வந்து இறங்கினார். வென்ற நாட்டுக்கு அனுப்பப்பட்ட தூதுவர் தோற்ற நாட்டுக் கைதிகளைப் பார்க்கப் போனார். ஒருமுறை போய்ப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடவில்லை. மறுபடியும் மறுபடியும் போனார். உதவியும் கொண்டுபோனார். மாணவருக்கு அதைவிடப் பெரிது, தாங்கள் திருச்சபையால் மறக்கப்படவில்லை என்ற செய்தி. 1947 பாஸ்கு நாட்களில் அந்த முகாமுக்குள்ளேயே இரண்டு மாணவர்களைத் தம் கையால் குருக்களாகத் திருநிலைப்படுத்தினார். பிரான்ஸ் மண்ணில், கைதி எண் சுமந்த இரண்டு ஜேர்மனியரின் தலைமேல், ஓர் இத்தாலியரின் கைகள்! மூன்று நாடுகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்தக் குருமடம் 1947 ஆனியில் மூடப்பட்டது. அதனூடாகச் சென்றவர்கள் ஏறக்குறைய 950 பேர். அவர்களில் ஏறக்குறைய 600 பேர் குருக்களாகி, இடிந்துபோன ஜேர்மனியின் பங்குகளில் சேவை செய்தனர். வீடுகளைக் கட்டியெழுப்பும் அமைச்சின் கணக்கில் இந்த 600 பேர் இல்லை. ஆனால் இதுவும் புனரமைப்புத்தான்.

ஸ்டொக் அடிகளார் 1948 மாசி 24ம் திகதி பாரிஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் தமது 43ம் வயதில் இறந்தார். அப்போதும் அவர் யுத்தக் கைதியாகவே கருதப்பட்டதால் மரணச் செய்தி பரப்பப்படவில்லை. அடக்கச் சடங்குக்கு மிகச் சிலரே வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பாப்பரசரின் தூதுவர். இறந்தோருக்கான இறுதிச் செபத்தையும் ஆசீரையும் அவரே வழங்கினார். கைதியாய் இறந்த ஜேர்மானியரின் பெட்டிக்கு முன், எல்லாத் தூதுவர்களுக்கும் முதல்வரானவர் தலைகுனிந்து நின்றார். எந்த அரசாங்கமும் அதை அவரிடம் கேட்கவில்லை.

விதைத்தது முளைத்தது

1953 தையில் அவர் கர்தினாலானார். பிரான்ஸ் வழக்கப்படி, விசுவாசமற்ற சோசலிஸ்டான சனாதிபதி வின்சென்ற் ஓரியோல், மண்டியிட்ட ரொங்காலியின் தலையில் சிவப்புத் தொப்பியை வைத்தார். இருவரும் நண்பர்கள். பின் வெனிஸ் நகரில் ஐந்து ஆண்டுகள் மேய்ப்பர். 1958 ஐப்பசி 28ம் திகதி, 77 வயதாக ஒரு மாதம் இருக்கையில், பாப்பரசர்.

அதன்பின் நடந்தவற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். பாப்பரசராகிய முதல் நத்தாருக்கே ஆஸ்பத்திரிக் குழந்தைகளையும், மறுநாள் உரோமைச் சிறைக் கைதிகளையும் பார்க்கப் போனார். உலகம் வியந்தது. ஆனால் சோபியா ஆஸ்பத்திரியையும் சார்த்ர் முகாமையும் அறிந்தவர்களுக்கு அது பழைய பழக்கம். ஓர்த்தடொக்ஸ் சபையினரையும் பிற சபையினரையும் சங்கத்துக்குப் பார்வையாளராக அழைத்தார். பல்கேரியாவில் எரிந்த அந்த யன்னல் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 1962 ஐப்பசியில் கியூபா விஷயமாக அமெரிக்காவும் இரஷ்யாவும் அணுகுண்டோடு எதிரெதிரே நின்றபோது, வானொலியில் இரு தரப்பையும் சமாதானத்துக்கு இரந்து வேண்டினார். 1963 சித்திரையில் வெளியிட்ட உலக சமாதானம் பற்றிய சுற்றுமடலை நல்மனம் கொண்ட எல்லா மனிதருக்கும் எழுதினார். அவர் கூட்டிய சங்கமே எங்கள் பூசையைத் தாய்மொழியாம் தமிழில் ஒப்புக்கொடுக்கவும் வழி திறந்தது.

1963 ஆனி 3ம் திகதி அவர் இறைவனடி சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு ஆடி மாதம், டி கோலும் ஜேர்மன் பிரதமர் அடெனோவரும் ரெய்ம்ஸ் பேராலயத்தில் அருகருகே நின்று பூசை கண்டனர்; 1963 தையில் இரு நாடுகளும் நட்புறவு ஒப்பந்தம் செய்தன. அவர் இறந்த அந்த ஆண்டே ஸ்டொக் அடிகளாரின் உடல் சார்த்ர் நகரக் கோவில் ஒன்றுக்கு மரியாதையோடு கொண்டுவரப்பட்டது. 2014 சித்திரை 27ம் திகதி திருச்சபை அருளப்பரைப் புனிதராகப் பிரகடனம் செய்தது. அவருடைய திருநாள் ஐப்பசி 11.

அன்பு வாசகர்களே, யுத்தம் ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதை எவரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடிந்த கோவிலை மறுபடி கட்டச் சீமெந்தும் கல்லும் போதும். பணம் வந்தால் வேலை முடிந்துவிடும். ரொங்காலி ஆண்டகை போன ஊர்களிலும் கட்டடங்கள் எழும்பிவிட்டன. ஆனால் எவருமே போகவிரும்பாத ஒரு வாசலுக்கு ஒருவர் போகவேண்டியிருந்தது. அவர் போனார், ஆறுதல் சொன்னார், திரும்பவும் போனார். மற்றவர்களின் குறையைப் பொறுத்துக்கொண்டார்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. கோபத்தில் பேசாதுவிட்ட சகோதரனின் வீடாயிருக்கலாம். எல்லைக் காணியால் பகைத்த அயலவர் வீடாயிருக்கலாம். எங்களுக்குத் தீங்கு செய்தவர் என்று நாங்கள் நினைப்பவரின் வீடாயிருக்கலாம். இந்த ஞாயிறு பூசை முடிந்து திரும்பும் வழியில் அந்த வாசலைக் கடந்து போவீர்களா, அல்லது ஒரு கணம் நிற்பீர்களா? தூதுவராக இருப்பதற்குப் பாப்பரசரின் நியமனக் கடிதம் வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெற்ற அன்றே அந்தக் கடிதம் எங்கள் கையில் தரப்பட்டுவிட்டது.

புனித அருளப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.